ரொசாலி அக்கா கட்டிவிட்ட மல்லி

என் கோபக்கார ரொசாலி அக்காவுக்கு, உன் ஓரகத்தி பிலோமினா ஆசையோடு எழுதுவது.

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டால், "செத்தவள நலமான்னு கேக்குறா பாரு, இவளயா கன்னியாஸ்திரிங்க இஸ்கூல்ல படிக்க வெச்சாங்க" என்று சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்காலில் பலம் குறைந்திருக்கிறது, வாயில் குறையவில்லை. உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர்தான், வழக்கம்போல மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறார். உன் மகன் அருளப்பனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. சம்பா கோயில் மணி அடித்தால் வாயில் சோறு இருந்தாலும் சிலுவை போட்டுக்கொள்கிறான். உன்னைப் போலவே எல்லாவற்றுக்கும் இடது கைதான். அத்தை அடித்துத் திருத்தப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரர் சைகோன் உத்தியோகத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார், அக்கா. வந்து மூன்று வாரமாகிறது. வருகிற புதன்கிழமை திரும்புகிற கப்பல். அருளப்பனைத் தன்னோடு அழைத்துப் போவதா, இல்லை என்னிடமே விட்டுப் போவதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவை என் வாயில் வைத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேராக என்னைக் கேட்கவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் மூத்தார் நேராகப் பேசுவாரா? முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்து, அத்தையைப் பார்த்துப் பேசினார்.

"ரொசாலிக்கு சைகோன்னாலே புடிக்காது. நான் எத்தன தரம் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுதான் எழுதுனா. அவளுக்குப் புடிக்காத எடத்துக்கு அவ புள்ளய இழுத்துக்கிட்டுப் போவ எனக்கு மனசு வரல. ஆனா அவ மனசுல கடசியா இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குக் கடுதாசி எழுதிக் குடுத்தது சின்னவதானே. அவளுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம பூசைக்கு அப்புறம் சொல்லட்டும். அவ சொல்றபடி செய்யறேன்."

புரிகிறதா அக்கா? "ஆமாம், அக்காவுக்குச் சைகோன் பிடிக்காது" என்று ஒரு வார்த்தை அத்தையிடம் சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பிள்ளை எனக்கு.

நான் தலையை ஆட்டவில்லை. பேசவும் முடியவில்லை. இந்த ஒன்பது வருஷமாக அவர் எதிரில் நின்று ஒரு சொல் பேசியதில்லை, இப்போது இதையா தொடங்குவது? அப்போதுதான் ஒன்று தோன்றியது. அவர் எதிரில் நான் பேசியதுதான் இல்லை, வாசித்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன், அருளப்பன் உன் வயிற்றில் தங்கிய அந்தத் தடவை, அவர் வந்திருந்தபோது அரியாங்குப்பத்திலிருந்து உன் அண்ணன் போட்ட கடிதத்தைக் கூடத்தில் நின்று நான்தான் வாசித்தேன். அவரும் உட்கார்ந்து கேட்டார். அதை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் கடிதம் என்றால் பிலோமினா வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் வாசற்படியில் நின்று கேட்பார்கள். அது எப்போதும் உள்ளதுதான்.

ஆகையால் உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கிற நேரத்தில் கூடத்தில் நின்று வாசிப்பேன். அருளப்பனைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிடுவேன். அவனுக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும். மற்றபடி யார் கேட்டாலும் கேட்கட்டும். அத்தை, இந்த இடத்தில் நீங்கள் "இது இன்னாடி கூத்து" என்று சொல்வீர்கள். குறுக்கே பேசாதீர்கள். கடிதம் உங்களுக்கு இல்லை, அக்காவுக்கு.

முதலில் மல்லிச்செடி விவகாரம். தெரு முழுக்கத் தெரிந்த கதைதான், ஆனால் தெருவுக்குத் தெரிந்தது பாதி.

நீ அரியாங்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது தகர டப்பாவில் ஒரு குண்டுமல்லிப் பதியனைக் கொண்டுவந்தாயாம். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் மருமகளாக வந்தபோது அது என் இடுப்பு உயரம் இருந்தது. கோடை வந்தால் இலை தெரியாமல் மொட்டு. அந்த மல்லி உன் ராஜ்யம். முதல் மொட்டு மாதா படத்துக்கு, அடுத்தது உன் கொண்டைக்கு, மிச்சமிருந்தால் அத்தைக்குத் தலைவலித் தைலம் காய்ச்ச. வாய்ப்புண் வந்தவர்கள் இலை கேட்டு வந்தால்கூட நீதான் பறித்துக் கொடுப்பாய், பெரிய வைத்தியர் கணக்காக எத்தனை தரம் மென்று துப்ப வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவாய். எனக்கு மட்டும் ஒரு மொட்டு கிடையாது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். நான் கேட்க மாட்டேன். நீ தூங்குகிற மத்தியான நேரத்தில் போய்க் கிள்ளிக்கொள்வேன். நீ எழுந்து செடியை ஒரு பார்வை பார்ப்பாய், பிறகு விளக்குமாற்றைக் கையில் எடுத்து அதனிடம் பேசுவாய்: "தொடப்பமே, கேட்டா கொறஞ்சிடுவாங்களா? கேட்டுப் பறிச்சா கை அழுகிடுமா?" நான் அம்மிக்கல்லிடம் பதில் சொல்வேன்: "அம்மியே, கொல்லை என்னா ஒருத்தி வீட்டுச் சீதனமா?" இப்படி நான்கு வருஷம். விளக்குமாறுக்கும் அம்மிக்கும் வாய் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஊரைவிட்டே ஓடியிருக்கும்.

ஆனால் மாதம் பிறந்தால் நீ கடிதம் சொல்ல என்னிடம்தான் வருவாய். உனக்கு எழுத்து தெரியாது. சண்டை நடக்கிற நாளிலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுதுடி" என்பாய். "உங்க கடுதாசி கெடைச்சுது. நான் சொகம். சைகோனுக்கு வரமாட்டேன். என் செடிக்கு யார் தண்ணி ஊத்துவாங்க?" செடி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். கடற்பாலத்து ஓரத்தில் நின்று படகு ஆடுவதைப் பார்த்தாலே உனக்குக் குமட்டும். பயம் என்று எழுதச் சொல்ல உனக்கு ரோஷம். நீ சொன்னதை நான் எழுதினேன். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, அங்கே தனியாக உட்கார்ந்து.

பிறகு முப்பத்தொன்றாம் வருஷத்து மே மாதம் வந்தது.

நீயும் நானும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கிணற்றடியில் ஒருத்தி நின்றால் இன்னொருத்திக்கு இடமில்லை. எனக்கு முதலில் வலி எடுத்தது. பெண் குழந்தை. மூச்சு சரியில்லை என்று மருத்துவச்சி அந்தோணியம்மா அங்கேயே ஞானஸ்நானமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி மரி என்று பெயர் வைத்தார். மூன்று நாள் இருந்தாள். உப்பளம் கல்லறைக்கு உன் கொழுந்தனார் அவளைத் தன் இரண்டு கையிலேயே ஏந்திப் போனார், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியவில்லை, அக்கா. இரண்டு நாளில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. தொட்டால் உயிர் போகும். காய்ச்சல் வேறு. அந்தோணியம்மா வந்து பார்த்துவிட்டு, "மல்லிப்பூ வெச்சுக் கட்டுங்க, மூணு நாள்ல வத்திடும்" என்றார். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதை வாசிக்க எனக்கு வெட்கம்தான். ஆனாலும் வாசிப்பேன்.

அத்தை பெரிய மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பப் போனார். நீ தடுத்தாய். நிறைமாதத்தோடு கொல்லைக்குப் போனாய். உன் செடியில் ஒரு மொட்டு விடாமல் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாய். அது மே மாதம், மாதாவுக்கு உரிய மாதம். மாதா படத்துக்குக்கூட ஒன்று வைக்கவில்லை. அத்தை கேட்டதற்கு, "மாதாவுக்குத் தெரியும் அத்தை, அவங்களும் புள்ளயப் பறிகுடுத்தவங்கதானே" என்றாய். பழைய வேட்டியைக் கிழித்து, பூவைப் பரப்பி வைத்து, என் கையைத் தூக்கச் சொல்லிக் கட்டினாய். உன் வயிறு என் விலாவில் இடித்தது. உள்ளே இருந்தவன் உதைத்தான். அதுவும் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் காலையும் மாலையும் பழைய பூவை எடுத்து, அன்றன்று செடியில் தெரிந்த மொட்டையும் பறித்துப் புதுப் பூ வைத்தாய். வாடின பூவைக் காலில் மிதிபடக் கூடாது என்று நீயே பொறுக்கிச் செடியின் தூரில் புதைத்தாய். கல் இளகியது. காய்ச்சல் இறங்கியது. பால் வற்றிக்கொண்டே போனது. நான்கு வருஷம் ஒரு மொட்டுக்குச் சண்டை போட்டவள் மொத்தச் செடியையும் எனக்காக மொட்டையாக்கினாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னேனா? இல்லை. நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மேற்கொண்டு கை ஓடாது.

அடுத்த வாரம் உனக்கு வலி கண்டது. அருளப்பன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். உன் ரத்தம் நிற்கவில்லை. சாமியார் வந்து சாகிறவர்களுக்கான எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். விடிந்தபோது நீ இல்லை.

அவன் அழுதான், அக்கா. சங்கில் ஆட்டுப்பால் கொடுத்தால் துப்பினான். பஞ்சைத் தோய்த்து வைத்தால் அதைச் சப்பிவிட்டு மறுபடி அழுதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் எழுந்து போய் அவனை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். பால் இல்லை. நீதான் மூன்று நாளில் வற்ற வைத்துவிட்டாயே! எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துக் கிடக்கிறவள்மேல் கோபப்பட்ட ஒரே ஆள் இந்தப் புதுச்சேரியில் நானாகத்தான் இருப்பேன்.

அந்தோணியம்மா விடச் சொல்லவில்லை. "சப்பட்டும்மா, சப்பச் சப்ப ஊறும்" என்றார். பூண்டும் கருவாடும் தின்றேன். எட்டு நாள் அவன் வெறும் மார்பைச் சப்பி அழுதான், நானும் அழுதேன். பாதி வயிறு ஆட்டுப்பால், பாதி என் கண்ணீர். அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம் கொல்லைப்பக்கம் காற்று திரும்பியது. நீ மொட்டையடித்த செடி மறுபடி பூத்திருந்தது. வாசனை கூடம் வரை வந்து நின்றது.

பிள்ளையை மார்போடு இழுத்து முந்தானையால் மூடினேன். கட்டினாலே வற்ற வைக்கிற பூ, வாசனையாலும் வற்ற வைக்காதா? அந்தோணியம்மாவைக் கேட்டேன். "கட்டுனாதாம்மா வத்தும். வாசனைக்கே வத்துனா இந்த ஊர்ல எந்தப் புள்ள பால் குடிக்கும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விறகு பிளக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு போய் உன் செடியை அடித்தூர் மட்டும் மிஞ்ச வெட்டினேன்.

பத்தாம் நாள் முதல் சொட்டு வந்தது. செடியை வெட்டியதாலா, அவன் விடாமல் சப்பியதாலா? யாருக்குத் தெரியும்? அவன் குடித்தான், தூங்கினான். இரண்டு வயது வரை குடித்தான். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது வேறு. ஓரகத்தி கண்ணை மூடி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவள் ஆசையாக வளர்த்த செடியைப் பழைய வயிற்றெரிச்சலில் வெட்டிப் போட்டாள் சின்னவள். அத்தை அதைச் சைகோனுக்கும் தெரிவித்தார். எப்படித் தெரிவிப்பார்? எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "எழுது. உன் தம்பி பொண்டாட்டி ரொசாலி வெச்ச மல்லிய பொறாமையில வெட்டிட்டா. எழுதிட்டியா? பொறாமையிலன்னு போட்டியா?" போட்டேன் அக்கா. அழுத்தமாகவே போட்டேன். என்மேல் கொடுத்த புகாரை என் கையெழுத்திலேயே தபாலில் சேர்த்தேன். அத்தை, இதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ஆமாம், முழுப் பொய் இல்லை. முதல் வெட்டு பாலுக்காக. அதற்குப் பிறகு வெட்டியது உன்மேல் இருந்த ஆத்திரத்தில். என் பிள்ளை செத்தபோது பூக் கட்ட வந்தாயே, உன் பிள்ளையை என்மேல் போட்டுவிட்டு நீ எங்கே போனாய்? அதைத்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டேன். பிறகு தூரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை யாரும் பார்க்கவில்லை, அதனால் தெருக் கதையில் அது இல்லை.

செடி சாகவில்லை. உன் சாதிதானே அதுவும், பிடிவாதம். மறு வருஷமே தூரிலிருந்து துளிர்த்தது. இப்போது அருளப்பன்தான் தண்ணீர் ஊற்றுகிறான். கூடத்தில் இருக்கிற உன் படத்துக்குத் தினம் ஒரு பூ வைக்கிறான். உன்னைப் "படத்து அம்மா" என்பான், என்னை "வீட்டு அம்மா" என்பான். அவனுக்கு நான் எதையும் மறைக்கவில்லை. அப்பா வந்த மறுநாள் அவரைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போய், "இதான் எங்க செடி. வீட்டு அம்மா வெட்டிட்டாங்களாம். ஆனா அது கோச்சுக்கல" என்று காட்டினான். நான் சமையலறையில் நின்று கேட்டேன்.

நல்ல மனுஷன் அக்கா அவர். நரைத்துவிட்டார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையை மிரட்டுவதில்லை. முதல் நாள் அவன் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான், இப்போது அவர் முதுகில் ஏறிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறான். சைகோனில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதாம். நேற்றுப் படுக்கப் போகுமுன் என்னைக் கேட்டான்: "கப்பல்ல நீயும் வருவியாம்மா?" நான் போர்வையைச் சரி செய்தேன். அவன் மறுபடி கேட்டான். நான் மறுபடி போர்வையைச் சரி செய்தேன்.

இனி நான் ஒத்திப்போட்டதை எழுத வேண்டும்.

பூக் கட்டின மூன்றாம் நாள் சாயங்காலம். கடைசிக் கட்டு. நீ எனக்குப் பின்னால் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். வேறு யாரும் இல்லை. மெல்ல என் காதோடு சொன்னாய்: "பிலோமி, உனக்குக் கொஞ்சம் தேவலன்னா ஒரு கடுதாசி எழுதணும்டி. இந்த வாட்டி வேற மாதிரி. நான் வரேன்னு எழுதணும். உன் புள்ள போனதப் பாத்ததுலேர்ந்து ராவெல்லாம் அதே நெனப்பு. புள்ளன்னா அப்பா பக்கத்துல இருக்கணும்டி. இருக்குறது எத்தன நாளோ, யாருக்குத் தெரியும்? கடல் எனக்குப் பயம்தான். பயந்துகிட்டே ஏறிக்கிறேன். அவர் மடியில புள்ளயப் போட்டுட்டா பயம் போயிடும். எழுதறியா?"

இதற்கு நான் சொன்ன பதிலை ஐந்து வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது எல்லார் முன்னாலும் சொல்கிறேன். "எழுத மாட்டேன் போ. உனக்கென்ன, பெத்து எடுத்துக்கிட்டு மகராசியா கப்பல் ஏறுவே. நீயும் ஒரு நாள் இந்தப் பூவக் கட்டிக்கிட்டுப் பாரு, அப்பத் தெரியும்."

நீ அடிக்கவில்லை. திட்டவில்லை. விளக்குமாற்றைத் தேடவில்லை. "சரி, மனசு வந்தப்ப எழுது. இப்ப ஆடாம நில்லு, முடிச்சு அவுந்துடும்" என்றாய். முடிச்சை இறுக்கிவிட்டு என் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாய். நான்கு வருஷத்தில் அதுதான் முதல், அதுவே கடைசி. ஐந்தாம் நாள் உனக்கு வலி கண்டது.

என் சொல் பலித்துத்தான் நீ செத்தாயா? அப்படியில்லை என்கிறார் சாமியார். சொல்லுக்கு அவ்வளவு பலம் இருந்தால் எந்த வீட்டில் மருமகள் மிஞ்சுவாள் என்று கேட்கிறார். புத்திக்குப் புரிகிறது. ஆனால் எழுதாமல் விட்டது என் செயல்தானே? அதை எந்த சாமியாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

முதலில் துக்கத்தில் எழுதவில்லை. பிறகு பிள்ளை என்னிடம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பயம் வந்துவிட்டது. நீ வருவதாக இருந்தாய் என்று தெரிந்தால் உன் வீட்டுக்காரர் பிள்ளையை வந்து தூக்கிக்கொள்வாரே. மாதம்தோறும் அத்தை சொல்லச் சொல்லச் சைகோனுக்கு எழுதினேன்: பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடக்கிறான், அம்மை போட்டு இறங்கியது. நீ சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு. செடியை வெட்டிய பழி வந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? பொறாமைக்காரி என்று பேர் இருந்தால் யாரும் அதற்குமேல் கிளற மாட்டார்கள். அந்தப் பழிக்குள் பதுங்கிக்கொண்டேன்.

இந்த ஐந்து வருஷமும் அவர் தன் பெண்டாட்டி தன்னிடம் வர மறுத்துவிட்டே செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முந்தாநாள் அவர் அத்தையிடம் பேசிய குரலைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, அவருக்குச் சேர வேண்டிய உன்னையும் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது, அக்கா. மரிக்குப் பிறகு எனக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை, அது உனக்குத் தெரிந்திருக்கும். அவன் வேண்டும். இதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்கு வராது. உன் கொழுந்தனாரிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "வாசி, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். இந்த மாதத்து நாலு வார்த்தையும் அதிலேயே தீர்ந்துவிட்டது.

அதனால் நீ எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். உனக்கு நான் தரும் வாக்கு இதுதான்: இதை வாசிக்கும்போது ஒரு வரியைத் தாண்ட மாட்டேன், குரலைத் தாழ்த்த மாட்டேன். வாசித்து முடித்தபின் இந்த வீட்டுப் பெரியவரான உன் வீட்டுக்காரர் எது சொன்னாலும் அதற்குக் குறுக்கே நிற்க மாட்டேன். அவன் கப்பல் ஏறினால் கடற்பாலம் வரை அவனைத் தூக்கிக்கொண்டு வருவேன், அவர் மடியில் என் கையாலேயே போடுவேன். அழுவேன், அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

பெரியவரே, இது வரைக்கும் அக்காவுக்கு. இனி வருவது உங்களுக்கு. என் சொல் ஒன்றும் இதில் இல்லை. ரொசாலி அக்கா சொல்ல, பிலோமினா எழுதியது:

"நான் வரேன். பயந்துகிட்டே வரேன். புள்ளய உங்க மடியில போட வரேன்."

உன் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள்,
உன் தங்கை,
பிலோமினா